எத்தனை அடியில் தண்ணீர்?

(எரியோட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேடசந்தூர் வட்டாரத்தில் ஒரு விவசாயியிடம் போய், "ஐயா, பருவமெல்லாம் எப்படி மாறியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வானத்தைப் பற்றிப் பேச்சை எடுக்கமாட்டார். கிணற்றைப் பற்றித்தான் தொடங்குவார். "எங்க தாத்தா காலத்துல நாப்பது அடியில தண்ணி. அப்பா வெடி வச்சு எழுபது அடி ஆக்கினாரு. நான் எண்ணூறு அடிக்குப் போர் போட்டுட்டேன். ரெண்டு மணி நேரம் ஓடினா நின்னு போகுது." மழை, வெயில், பனி எல்லாம் அதற்கப்புறம்தான் வரும்.

2011-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியாவில் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தினார்கள். புவி வெப்பமாதலைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, அல்லது தெரியாது என்று 41 சதவீதம் பேர் சொன்னார்கள். அது இன்னதென்று சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது, ஆமாம், அப்படி நடக்கத்தான் செய்கிறது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு நம் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வானத்தில் நடப்பதையும் நிலத்துக்கு அடியில் நடப்பதையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே கணக்காகப் பார்க்கிறவர் கிராமத்து விவசாயிதான். அந்தப் பார்வை சரியானது. அதில் குறையும் உண்டு. இரண்டையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கிணறு. கமலை கட்டி மாடுகளை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைத்த நாளில் கிணற்றுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். ராத்திரி ஊறும், காலையில் மறுபடி சால் இறங்கும். ஆயில் இன்ஜின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது. 80-களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மின்சாரம் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் நிலத்தை விற்றுவிட்டு நூற்பாலைக்கோ திருப்பூருக்கோ என்றைக்கோ போயிருப்பார்கள். ஆனால் ராத்திரி ஊறுவதற்கு விட்ட இடைவெளி அதோடு போய்விட்டது. கிணறு வற்ற வற்ற உள்ளேயே சைடு போர் போட்டோம். அதுவும் வற்றியதும் கிணற்றை விட்டுவிட்டு நிலத்தில் ஆழ்துளை போட ஆரம்பித்தோம்.

நம் காலுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. மேலே சில பத்தடிக்கு மண்ணும் பொடிந்த பாறையும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடம் பெரும்பாலும் அதுதான். நம் பழைய கிணறுகள் அந்த அடுக்கில்தான் நின்றன. அதற்குக் கீழே இறுகிய பாறை. அங்கே வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே தண்ணீர் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். எண்ணூறு, ஆயிரம் அடியில் அகப்படுகிற தண்ணீர் போன ஐப்பசியில் பெய்ததல்ல. எத்தனையோ காலம் சிறுகச் சிறுக இறங்கிச் சேர்ந்தது. நாம் ஒரு மாசியில் எடுத்துத் தீர்த்ததை அடுத்த பருவமழை வந்து நிரப்பிவிடாது.

போர் போடுகிற ராத்திரியைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் இடத்தைக் காட்டிவிட்டுப் போயிருப்பார். திருச்செங்கோட்டு லாரி வந்து நிற்கும். முதல் ராடு இறங்கும்போது வீட்டிலுள்ள எல்லாரும் வந்து நிற்பார்கள். சிவப்பு மண் வரும், பிறகு வெள்ளைப் பொடி. முந்நூறு அடியில் கொஞ்சம் ஈரம் காட்டும், எல்லார் முகமும் மலரும். பிறகு மறுபடி புகை. ஐந்நூறு அடியில் டிரில்லர் வந்து, "அண்ணே, இன்னும் போகலாமா?" என்று கேட்பார். அடிக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கும். போதும் என்று சொல்ல மனசு வராது, ஏனென்றால் அடுத்த இருபது அடியில் இருக்கலாம். எழுநூறு அடியில் அந்த வீட்டு அம்மா உள்ளே போய்விடுவார். விடிகிறபோது லாரி கிளம்பிப் போயிருக்கும். காட்டில் வெள்ளைப் பொடிக் குவியலும், மூடி போட்ட கேசிங் பைப்பும், நகைக்கடன் ரசீதும் மிச்சம். மழை மாறியதற்கு இந்த வட்டாரம் கொடுத்த விலையில் பெரும்பகுதி இப்படிப் பாறைக்குள் போனதுதான். எந்த வறட்சி நிவாரணக் கணக்கிலும் அது ஏறவில்லை.

இப்போது மழைக்கு வருவோம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்கு அந்தப் பருவத்தில் சராசரியாக 440 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டும். கிடைத்தது ஏறத்தாழ 168. அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஏறக்குறைய 140 ஆண்டில் இவ்வளவு மோசமான பருவம் இல்லை என்று அப்போது கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகவும் போனது. 2021-இல் அதே வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்துக்குச் சராசரியைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் மழை. ஐந்தே ஆண்டுக்குள் ஒரே நிலம் இரண்டையும் பார்த்துவிட்டது.

"மழை குறைஞ்சு போச்சு" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் பெரியவர்களைச் சற்று உட்கார வைத்துக் கேட்டால் அவர்கள் சொல்வது அதைவிட நுட்பமானது. "முந்தி ஒரு வாரம் சாரலா நின்னு பெய்யும். மண்ணு குடிக்கும். இப்ப ஒரு ராத்திரியில கொட்டிட்டுப் போயிடுது, மறுநாளே புழுதி பறக்குது" என்கிறார்கள். "ஆடியில விதைச்சா புரட்டாசி வரைக்கும் ஏதாவது ஒரு மழை தாங்கிப் பிடிக்கும். இப்ப விதை முளைச்ச பெறகு நாப்பது நாள் காயுது" என்கிறார்கள். அறிவியலும் இதே திசையில்தான் பேசுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். தாங்குகிறவரை தாங்கி, இறக்கும்போது மொத்தமாக இறக்கும். பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒரு டிகிரிக்கும் மேல் ஏறிவிட்டது. சோளமும் கம்பும் கடலையும் மானாவாரியில் போடுகிறவருக்கு ஆண்டு மொத்தம் எவ்வளவு என்பதைவிட, மழைக்கும் மழைக்கும் நடுவே எத்தனை நாள் என்பதுதான் வாழ்வும் சாவும்.

ஆண்டு மொத்தக் கணக்கு நம்மை ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேடசந்தூரில் மழை அளக்கிறார்கள். அங்கே 1948-இல் தொடங்கிய புகையிலை ஆராய்ச்சி நிலையத்திலும் அளக்கிறார்கள். அந்த எண்தான் பத்திரிகையில் வருகிறது, பயிர்க் காப்பீட்டிலும் நிவாரணத்திலும் பேச்சு அடிபடும்போது அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் கோடைமழை மாட்டின் ஒரு கொம்பை நனைத்து மறு கொம்பை விட்டுவிடும் என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல. வேடசந்தூரில் பெய்த மழை எரியோட்டில் பெய்திருக்கவேண்டியதில்லை. எரியோட்டில் பெய்தது கோவிலூரை எட்டியிருக்கவேண்டியதில்லை. உங்கள் காட்டில் என்ன பெய்தது என்று சொல்ல உங்களிடம் எண் இல்லை. எண் இல்லாதவர் பேச்சு அலுவலகத்தில் எடுபடுவதில்லை.

இனி நினைவின் குறை. "அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது" என்று சொல்கிறோமே, அது உண்மையல்ல. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமையிலேயே சனங்கள் சாரிசாரியாக மடிந்தார்கள். கப்பலேறி இலங்கைக்கும் மற்ற தீவுகளுக்கும் போனார்கள். அப்போது போர்வெல் இல்லை, கார் இல்லை, இன்றைக்குள்ள புகை இல்லை. வெள்ளமும் புதிதல்ல. 1977 நவம்பரில் குடகனாற்றில் வந்த வெள்ளம் அழகாபுரி அணையின் மதகுகளுக்கு அடங்கவில்லை. மண் கரையின் மேலேயே ஏறி ஓடி, பல இடங்களில் கரையை அறுத்தது. அந்த ராத்திரியைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே பஞ்சமும் வெள்ளமும் வருவது இந்த நிலத்துக்கு இயல்பு. புதிது எதுவென்றால், அவை வருகிற இடைவெளியும், வந்தால் தாங்குவதற்கு நாம் வைத்திருக்கிற கையிருப்பும்தான். முந்தைய தலைமுறைக்கு நாற்பதடிக் கிணறு என்ற கையிருப்பு இருந்தது. நமக்கு அது இல்லை. சூடேறும் உலகம் நம்மை வந்து தொடுகிற நேரத்தில் நாம் கையிருப்பைத் தீர்த்துவிட்டு நிற்கிறோம் என்பதுதான் என்னுடைய கவலை.

குடகனாற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, திண்டுக்கல் சமவெளியில் ஓடி, சிறுமலையிலிருந்து வருகிற சந்தானவர்த்தினியையும் சேர்த்துக்கொண்டு, வேடசந்தூர் வழியாக அழகாபுரி அணைக்கு வந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிற ஆறு. நாம் அதன் கடைப்பகுதிக்காரர்கள். தலைப்பில் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். ராஜவாய்க்கால் வழியாக அந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறது. மிஞ்சினால்தான் நமக்கு. இந்தப் பங்கீட்டுச் சண்டை மறியல், போராட்டம் என்று வளர்ந்து, அரசு வல்லுநர் குழு அமைக்கிற அளவுக்குப் போனது. இரண்டு பக்கமும் விவசாயிகள்தான், இரண்டு பக்கத்துப் பசியும் உண்மைதான். நடுவில் திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகள் பல பத்தாண்டுகளாக விட்ட கழிவு. அந்தச் சுற்றுவட்டக் கிணறுகளில் இன்றைக்கும் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எத்தனை மழை பெய்தாலும் அந்தக் கழிவின் உப்பு லேசில் போகாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலநிலை மாற்றம் என்ற சொல் இப்போது அரசாங்கத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வசதியான சொல்லாகிவிட்டது. ஆறு வறண்டதா, காலநிலை மாற்றம். கிணறு வற்றியதா, காலநிலை மாற்றம். வரத்து வாய்க்காலை வளைத்து மனை போட்டவரும், ஆற்று மணலை அள்ளியவரும், கழிவை விட்டவரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறார்கள். கிராமத்தார் அதை ஒப்புக்கொள்வதில்லை. "மழை பேய்ஞ்சப்பவும் குளம் நெறையலையே, அதுக்கு யாரு காரணம்?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். 2021-இல் அவ்வளவு பெய்தும் நிரம்பாத குளங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்கு வானிலை ஆய்வு மையத்தில் பதில் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகத்துப் புல வரைபடத்தில் இருக்கிறது.

தாய்மார்களிடம் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வரும். அவர்கள் அடியில் சொல்வதில்லை, குடத்தில் சொல்கிறார்கள். வாசலில் நீல டிரம்மில் இருப்பது உப்புத்தண்ணி, போர்த்தண்ணி. துணிக்கும் பாத்திரத்துக்கும் மாட்டுக்கும். அடுப்படியில் மூடி வைத்த எவர்சில்வர் குடத்தில் இருப்பது நல்ல தண்ணி, காவிரித் தண்ணி. உப்புத்தண்ணியில் பருப்பு வேகாது. விருந்தாளி வந்தால் எந்தக் குடத்தில் மொண்டு தருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எதைக் காய்ச்சுவது, குழாய் வராத நான்காம் நாள் எதை எதோடு கலப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிர்வாகம் நடக்கிறது. அதை நடத்துகிறவரை எந்தத் தண்ணீர்க் கமிட்டியிலும் உட்கார வைப்பதில்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் குழாயை அரசு பதித்துவிடலாம், தண்ணீரைப் பதிக்க முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் நம் வீட்டுக்கு வருவதென்றால் எங்கோ குடகில் ஆனி, ஆடியில் மழை பெய்ய வேண்டும், மேட்டூரில் தண்ணீர் நிற்க வேண்டும், கரூரிலிருந்து குழாய் உடையாமல் இருக்க வேண்டும். குடிதண்ணீருக்கு எரியோடு இன்றைக்குக் குடகு மலையை நம்பியிருக்கிறது. நம் ஊர்க் கிணற்றைக் கைவிட்டதால் வந்த நிலைமை இது.

ஊரில் உள்ள எல்லாக் கருத்தோடும் எனக்கு உடன்பாடு என்று நினைக்க வேண்டாம். சீமைக்கருவேலம் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுவதால்தான் மழை இல்லை என்று பரவலாக நம்புகிறோம். குளத்துக்குள் அது மண்டினால் தண்ணீர் நிற்கிற இடம் குறையும், வாய்க்கால் அடைபடும், பிடுங்கத்தான் வேண்டும். மழையை அது தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் நாம் போட்ட நாலாவது போரைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாம் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. காட்டை அழித்ததால் மழை போச்சு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காடு மழையை வரவழைக்கிறதோ இல்லையோ, பெய்த மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல விடுகிறது. கிழக்கே அய்யலூர் மலைக்காடுகளையும் சேர்த்து 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். தேவாங்குக்காக அந்தக் காட்டில் கோடாலி விழாமல் இருந்தால் அதன் அடிவாரத்து ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் அது நல்லது.

அரசு சட்டம் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். போட்டது. 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாட்டு, மேலாண்மைச் சட்டம் வந்தது. பத்து ஆண்டு நடைமுறைக்கே வராமல் கிடந்து 2013-இல் ரத்தானது. அதற்கு வெகுகாலம் முன்பு, 1858-இல், குளத்துக் கரையைக் காக்க ஊரார் வேலை செய்தே ஆக வேண்டும் என்று வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தான். ஊராரே கூடிக் குளத்தைச் செப்பனிடுகிற குடிமராமத்து என்பது ஊரின் உரிமையாக இருந்தவரை நடந்தது. குளம் பொதுப்பணித் துறையின் சொத்து என்றானபின் சட்டத்தால் அதை உயிர்ப்பிக்க முடியவில்லை. 2017-இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் அரசுத் திட்டம் வந்தது. சில ஊர்களில் நல்ல வேலை நடந்தது, சில ஊர்களில் மண் அள்ளியதோடு சரி.

ஊரே முடிவெடுத்த இடங்கள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) மாவட்டத்து ஹிவரே பஜார் நம்மைவிட மழை குறைந்த ஊர். போபட்ராவ் பவார் அங்கே ஊராட்சித் தலைவராக வந்தபின், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று கிராம சபையில் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் மழை எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் என்ன பயிர் என்று தீர்மானிக்கிறார்கள். ஆந்திரத்தில் 2003 முதல் சில ஆண்டுகள் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் உதவியோடு 7 வறட்சி மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட ஊர்களில், விவசாயிகளே மழைமானி பார்த்து, போர் மட்டத்தை அளந்து, சுவரில் எழுதினார்கள். யாரும் யாரையும் நெல் போடாதே என்று கட்டாயப்படுத்தவில்லை. இருப்பு இவ்வளவுதான் என்று எழுத்தில் பார்த்த பிறகு பல பேர் தாமாகவே தண்ணீர் குறைந்த பயிருக்கு மாறினார்கள். எனக்கு இதில் பிடித்தது, அங்கே விவசாயியைப் பாடம் கேட்க வைக்கவில்லை, அளவெடுக்க வைத்தார்கள் என்பதுதான்.

எரியோட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதைச் செய்ய முடியும். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர். உழவுக்கு முன்னால் வரப்பை ஓரடி உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே உழுது, மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால் அதில் கொஞ்சமாவது உங்கள் காட்டிலேயே நிற்கும். தண்ணீர் இல்லாத பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூடாதீர்கள். வண்டலை வடிய வைக்க ஒரு சிறு குழி வெட்டி, ஓடிவருகிற மழைத் தண்ணீரை அந்தக் கிணற்றுக்குள் திருப்பிவிடுங்கள். நாற்பதடி அடுக்கை மறுபடி நனைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பள்ளி மைதானத்தில், மரநிழலும் கட்டட நிழலும் படாத இடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாருங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது, அதனால் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது. உங்கள் தெருவில் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, அமாவாசைக்கு அமாவாசை தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறதென்று குறியுங்கள். கிணற்றின் பக்கம் தனியாகப் போகாதீர்கள், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்தக் கிணறு எந்தெந்த வருஷம் வழிந்தது, எந்த வருஷம் முதன்முதலாகத் தரை தெரிந்தது என்று அவரிடமே கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் ஒரு காலண்டரில், நல்ல தண்ணி வந்த தேதியை மட்டும் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த கிராம சபைக்கு, வார்டுக் கூட்டத்துக்கு அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வடகிழக்குப் பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. மழைமானியை எங்கே வைப்பது, எந்தக் கிணற்றை எடுப்பது என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்துகொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விகளையும் கேளுங்கள். முன்வரிசையில் கை தூக்கியிருக்கிற பெரியவர் முதலில் பேசட்டும்.